வால் இல்லாத பெயர்

கின்ஷாசாவின் பெரிய சந்தையில் ரேடியோ இல்லாத கடை கிடையாது. இருக்கிற ரேடியோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைத்தான் பாடும். அந்த வருடம் அது ‘தையல்காரா’. மரவள்ளி மாவை இலையில் கட்டி அவித்த குவாங்காவைக் கூடையில் அடுக்கி வைத்துக்கொண்டு பொலும்பு உட்காரும் இடத்துக்கு ஒரு பக்கம் செருப்புக்கடை, இன்னொரு பக்கம் புகைபோட்ட மீன் விற்கும் லுசோலோ. இரண்டு பக்கமும் ரேடியோ. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் வாங்க வந்தவர்கள் கேட்பது காதில் விழாது.

பாட்டு ஒன்றும் அவளைச் சுடவில்லை. கல்யாணத்துக்குக் கொடுத்த கோட்டை மூன்று மாதமாகத் தைக்காமல் இழுத்தடிக்கும் ஒரு தையல்காரனைத் திட்டுகிற பாட்டு அது. பாடகர் மலோங்கா திட்டி முடித்ததும் குரல்கள் ஒதுங்கி நிற்கும். கிதார் தனியாகக் கிளம்பும். ஆட்டத்துக்கென்றே விட்ட அந்தப் பகுதியை ஊரில் செபேனே என்பார்கள். அதன் வாசலில் மூன்றே மூன்று சுரங்கள். தாழ்வாக ஒன்று, உயரத்தில் ஒன்று, மறுபடி தாழ்வாக ஒன்று. அங்கேதான் பொலும்புவுக்குச் சுடும்.

“ஏ பொலும்பு, உன் வீட்டுக்காரர் கூப்பிடறாரு பாரு,” என்றாள் லுசோலோ, மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அட, உன்னை இல்லையே!”

செருப்புக்கடைக்காரன் சிரித்தான். பொலும்பு கூடையின் மேல்துணியை இழுத்து மூடினாள்.

“சிரிங்க, சிரிங்க. வியாழக்கிழமை வரைக்கும்தான் சிரிப்பு. அப்புறம் யாரைப் பார்த்துச் சிரிப்பீங்கன்னு பார்க்கிறேன்.”

வியாழக்கிழமை ஆற்றில் மேலே போகும் படகு கிளம்புகிறது. தனக்கும் மகள் இயேலிக்கும் அதில் இடம் சொல்லி வைத்திருந்தாள் பொலும்பு. பாயும் பானையும் ஏற்கெனவே மூட்டையாகிவிட்டன. பதினாறு நாள் பயணம். பிறந்த ஊர்க் கரையில் இறங்கினால் திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

அந்தக் கிதாரை வாசித்தவன் அவள் கணவன் பொத்தூலி. ஊரே அவனை ‘நாக்கு’ என்று கூப்பிட்டது. அவன் கிதாருக்கு நாக்கு இருக்கிறதாம், பேசுகிறதாம். கின்ஷாசாவில் கையில் கிதார் தூக்கியவன் எவனும் முதலில் பழகுவது அவனுடைய அந்த மூன்று சுரங்களைத்தான். தெருமுனையில் தகரப் பெட்டியில் கம்பி கட்டித் தட்டுகிறவன்கூட அதைத்தான் தட்டினான். ஆற்றுக்கு அக்கரையில் பிரஸாவில்லில் உள்ள குழுக்களும் தங்கள் பாட்டுகளில் அதைச் செருகிக்கொண்டன. ஒரு கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஊர் கேட்கும். அவன் மனைவிக்கு இதைவிட என்ன கொடுமை வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?

அந்த மூன்று சுரம் ஒரு பெண்ணின் பெயர் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். பெயர் எகிலா. அதை ஊருக்குச் சொன்னவளும் எகிலாதான்.

*

பொலும்புவும் பொத்தூலியும் ஒரே கரைக்காரர்கள். அவள் அப்பா லொக்காங்கு, ஊரின் பேசும் மரத்துக்குச் சொந்தக்காரர். நடுவில் நீளமாகப் பிளந்து உள்ளே குடைந்த அந்த மரத்துக்கு இரண்டு உதடு. ஒன்றில் அடித்தால் தடித்த குரல், மற்றதில் அடித்தால் மெல்லிய குரல். ஆற்று மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. வாய் பேசுவதில் எழுத்துகளைக் கழித்துவிட்டு அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் மரம் சொல்லும். செத்தவர், பிறந்தவர், வலையில் முதலை மாட்டிய சேதி எல்லாம் அப்படித்தான் அடுத்த ஊருக்குப் போகும்.

ஆனால் இரண்டே குரலை வைத்துக்கொண்டு எத்தனை சொல்லைப் பிரித்துச் சொல்ல முடியும்? ஆற்றில் வலை வீசினால் ஒரே ஏற்ற இறக்கத்தில் பத்துப் பெயர் சிக்கும். அதனால் மரத்தில் வெறும் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. பெயருக்குப் பின்னால் ஒரு வால் வரும். அந்த வாலை வைத்துத்தான் யாரென்று தெரியும். பொலும்பு பிறந்த அன்று லொக்காங்கு அடித்த வால் இது: ‘படகு கவிழ்ந்த அன்று பிறந்தவள், மரம் பேசும் லொக்காங்குவின் மகள், மணல்திட்டு ஊர்க்காரி.’ பொத்தூலிக்கும் அவர்தான் வால் வைத்தார். ‘இரண்டு பல்லோடு பிறந்தவன், வலை பின்னும் லித்தேம்பாவின் மகன்.’ பல்லோடு பிறந்தவன் வாய்க்காரன் ஆவான் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு. பொத்தூலி அதைப் பொய்யாக்கினான். வாயைத் திறந்தால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. விசில் மட்டும் வரும்.

அந்த விசிலால்தான் பொலும்பு கெட்டாள். பதினெட்டு வயதில் அவள் துறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். நடு ஆற்றில் படகில் போகிற பொத்தூலி அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். விசில் மட்டும் வரும். பெயர், படகு கவிழ்ந்தது, அப்பா, மணல்திட்டு எல்லாம் ஒன்று விடாமல் தண்ணீர் மேல் வந்து சேரும். கரையில் இருந்த மற்றப் பெண்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளும் வெட்கம் கெட்டுப்போய் முழு வாலையும் கேட்டு முடித்த பிறகுதான் பாத்திரத்தைத் தொடுவாள்.

கல்யாணம் ஆனதும் கின்ஷாசாவுக்கு வந்தார்கள். அப்போது அந்த நகரத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த வேறு பெயர். பொத்தூலிக்குக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. சாயங்காலம் பலகையில் சைக்கிள் பிரேக் கம்பி கட்டிய ஒரு கிதாரை மடியில் வைத்துத் தட்டுவான். கட்டைவிரல் தடித்த கம்பியில், ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பியில். வேறு யாரும் அப்படி வாசிக்கவில்லை. அவனுக்கு அது கிதாரே இல்லை, இரண்டு உதடு உள்ள மரம். ஒருநாள் நாலாவது கம்பி அறுந்தது. தடித்த கம்பி கிடைக்கவில்லை என்று மெல்லியதையே அங்கேயும் கட்டினான். நடுவிலிருந்து திடீரென்று ஒரு பெண் குரல் எட்டிப் பார்த்தது மாதிரி ஆயிற்று. அந்த ஊனத்தைத்தான் பிற்பாடு பெரிய பெரிய வித்வான்கள் கடையில் நல்ல கம்பி இருக்கும்போதே வேண்டுமென்று கட்டிக்கொண்டார்கள்.

மலோங்கா அவனைத் தெருவில் கேட்டுவிட்டுத் தன் விடிவெள்ளிக் குழுவுக்குக் கூட்டிப்போனான். மலோங்கா பருத்த ஆள். கழுத்தில் பட்டுக் கைக்குட்டை, வாயில் எப்போதும் ஒரு வாக்குறுதி. மின்சாரக் கிதாரும் ஒலிப்பெட்டியும் அவனுடையவை. ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் குழு வாசிக்கும் பாரிலேயே பூட்டிவிடுவான். ஊர் கொண்டாடும் நாக்குக்குச் சொந்தமாக ஒரு கிதார் கிடையாது. வீட்டில் இசைத்தட்டுப் பெட்டியும் கிடையாது.

பொலும்பு ஒருநாளும் பாருக்குப் போனதில்லை. அவள் வளர்ந்த விதம் அப்படி. பார் என்பது ஆடுகிற பெண்களுக்கு, அரிசிக்கும் உப்புக்கும் அலைகிற பெண்டாட்டிக்கு இல்லை என்பது அவள் கட்சி. கணவன் வாசிப்பதை அவள் கேட்பது சந்தை ரேடியோவில் மட்டும்தான்.

எகிலா பாரின் முன்வரிசைக்காரி. ஒரே மாதிரிப் பூத்துணி உடுத்திக் கூட்டமாக வந்து உட்காரும் ரோஜா சங்கத்தின் தலைவி. அவர்கள் எந்தக் குழுவின் முன்னால் உட்கார்கிறார்களோ அந்தக் குழுவுக்குத்தான் கூட்டம். நகரத்திலேயே பிறந்தவள், ஆற்று மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் காது கெட்டி. ‘தையல்காரா’ வந்த புதிதில் செபேனேயின் வாசலில் எழுந்து நின்றுவிட்டாள். “கேட்டீங்களா? எ-கி-லா! நாக்கு என்னைக் கூப்பிடறாரு!” மலோங்கா மேடையிலிருந்தே கைதட்டினான். அவனுக்குக் கூட்டம் வந்தால் சரி. யாரைக் கூப்பிட்டால் என்ன?

*

பெயர் ஊரெல்லாம் பரவியபோது பொலும்பு முதலில் சிரித்தாள். அந்த மூன்று சுரம் அவள் பெயருக்கும் சரியாகப் பொருந்தும். பொ-லும்-பு. தாழ்வு, உயரம், தாழ்வு. பட்டணத்துச் சிறுக்கி தன் பெயரை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள், போகட்டும் என்றுதான் நினைத்தாள்.

பிறகு ஒருநாள் செருப்புக்கடையில் ரேடியோ இல்லாமல் இசைத்தட்டையே போட்டார்கள். பக்கத்தில் நின்று கவனமாகக் கேட்டாள். மூன்று சுரம் வந்தது. அதன் பிறகு ஒலி தேய்ந்தது, தட்டின் முதல் பக்கம் தீர்ந்துபோயிற்று. கடைக்காரன் புரட்டிப் போட்டான். இரண்டாம் பக்கத்தில் கிதார் எடுத்த எடுப்பிலேயே ஆட்டத்தில் இருந்தது. வால் இல்லை. மறுபடி போடச் சொன்னாள். இல்லை. ஆறு முறை போடச் சொன்னாள். கடைக்காரன் கும்பிட்டான்.

வீடு வரைக்கும் நடந்தபோது அவள் லொக்காங்குவின் மகளாக யோசித்தாள். யோசிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கள் கரைக்காரன் தங்கள் கரைப் பெண்ணின் பெயரை வால் இல்லாமல் சொல்லமாட்டான். அது ஆளைத் துணியில்லாமல் தெருவில் நிறுத்துவது போல. வால் இல்லாத பெயர் என்றால் அது வாலே இல்லாத ஒருத்தியின் பெயர்தான். நகரத்தில் பிறந்தவளுக்கு யார் வால் வைத்தார்கள்? எகிலா சொன்னதை ஊர் நம்பியது சும்மா. பொலும்பு நம்பியது கணக்குப் போட்டு. பாழாய்ப்போன படிப்பு என்பது இதுதான்.

அன்று மத்தியானம் பொத்தூலி தூங்கி எழுந்து முகம் கழுவும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“யாரது அந்தப் பேரு?”

“எந்தப் பேரு?”

“ஊரே சொல்லுதே, எந்தப் பேருன்னு என்கிட்ட கேக்கறீங்களா?”

பொத்தூலி முகத்தைத் துடைத்தான். “அது நீதான்.”

“நானா? அப்போ வால் எங்கே?”

“வாசிச்சேனே.”

“தட்டுல இல்ல. ஆறு தரம் கேட்டேன்.”

“இல்லாம எங்க போகும்? நான் வாசிச்சேன், இயேலி அம்மா.”

“ரெண்டு பல்லோட பொறந்த வாய்னு எங்கப்பா தெரியாமலா சொன்னாரு!”

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நாலு வார்த்தை அதிகமாகப் பேசியிருப்பான். மறுநாள் மலோங்காவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். “தட்டு நிறைஞ்சுடுச்சாம். ஒலிப்பதிவு பண்றவர் அங்க திருகைக் குறைச்சுட்டாராம். மறுபக்கத்துக்கு அப்புறமா வர்றதுலேர்ந்து எடுத்தாங்களாம். மலோங்காகிட்ட வாலுன்னு சொன்னா, ‘எந்த வாலு, யாரு வாலு’ன்னு கேக்கறான்.”

“அப்படியா. பாவம் தட்டு, சரியா என் பேரு வந்ததும் அதுக்கு மூச்சு முட்டிடுச்சாக்கும்.”

“பாருக்கு ஒருநாள் வா. நீயே கேளு.”

“நான் வரணுமா? அவ நாற்காலிக்குப் பக்கத்துல எனக்கு ஒண்ணு போடுவீங்களா?”

“சரி, மலோங்காகிட்ட கெஞ்சிக் கிதாரை இங்க கொண்டு வரேன். உன் முன்னால வாசிக்கிறேன்.”

“இப்பவா? மாட்டிக்கிட்ட அப்புறமா? அது பல்லிக்கு முளைக்கிற வாலு. எனக்கு வேணாம்.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இனி அவன் எப்போது வாசித்தாலும் அது பயந்து வாசித்ததாகத்தான் இருக்கும். நடந்தது என்னவென்றால், பாரில் வாலைக் கேட்டவர்களுக்கு ஆற்று மொழி தெரியாது. ஆற்று மொழி தெரிந்தவள் பாருக்குப் போகமாட்டாள். இரண்டு வருடம் ஒருவன் தன் பெண்டாட்டியை வாரத்துக்கு நாலு நாள் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான், கூப்பிட்ட இடத்தில் அவள் இல்லை.

பொலும்பு படகில் இடம் சொன்னாள். இயேலிக்கு ஒன்பது வயது. “அப்பா வரலையா?” என்று ஒருமுறை கேட்டாள், பிறகு கேட்கவில்லை. பொத்தூலி மூட்டைகளைப் பார்த்தான். ஒன்றின் முடிச்சு தளர்ந்திருந்தது. உட்கார்ந்து அதை இறுக்கிக் கட்டிக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். அன்று முழுவதும் பொலும்பு அந்த முடிச்சைப் பார்த்துப் பார்த்து அழுதாள். தடுக்கவும் தெரியாத மனுஷனோடு என்னத்தைச் சண்டை போடுவது?

*

புதன்கிழமை லுசோலோவின் வளவில் துக்கம் முடிக்கிற விருந்து. அவள் கணவன் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன் அந்தப் பாரில் பத்து வருடம் கதவு காத்தவன். அதனால் விடிவெள்ளிக் குழு தானாகவே வந்து வாசிக்கும் என்று மலோங்கா வாக்குக் கொடுத்திருந்தான். அபூர்வமாக அதைக் காப்பாற்றியும்விட்டான். எதிர்வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒலிப்பெட்டியை மாமரத்தடியில் வைத்தார்கள். பாரின் ஆட்கள் எல்லாம் வந்தார்கள். ரோஜா சங்கமும் வந்தது, முப்பது பெண்கள், ஒரே நீலப் பூத்துணியில்.

பொலும்பு வராமல் இருக்க முடியாது. கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாம், பக்கத்துக்காரியின் துக்கத்துக்குப் போகாமல் இருந்தால் அந்தத் தெருவில் மனுஷியே இல்லை. விடிகாலையிலிருந்து சமையல் பக்கம் மரவள்ளி இலை இடித்துக்கொண்டிருந்தாள். உரலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு மேடைப் பக்கம் முதுகைக் காட்டினாள்.

“நாளைக்குக் கிளம்பறவளுக்கு இன்னைக்கு என்ன முகத்தைத் திருப்பிக்கிட்டு?” என்றாள் லுசோலோ. கறுப்பைக் களைந்துவிட்டு ஒரு வருடத்துக்குப் பிறகு வெள்ளை உடுத்தியிருந்தாள். “இப்படித் திரும்பி உட்காரு. சோறு வடிக்கிறப்போ சாபம் விட்டா சோறு குழையும்.”

“உன் வீட்டுல யாருக்கும் நான் சாபம் விடல அக்கா.”

“என் வீட்டுல இல்ல. அந்த நீலத்துணிக்குன்னு நினைச்சேன்.”

மூன்று மணி வெயிலில் ‘தையல்காரா’ தொடங்கியது. மலோங்கா கோட்டுக்காகக் கதறினான். கூட்டம் சிரித்தது. குரல்கள் ஒதுங்கின. பொலும்புவின் கையிலிருந்த உலக்கை நின்றது. பொத்தூலி தலையைக் குனிந்துகொண்டு செபேனேயின் வாசலில் வந்து நின்றான். மூன்று சுரம். தாழ்வு, உயரம், தாழ்வு.

மின்கம்பத்தில் டப்பென்று ஒரு சத்தம். ஒலிப்பெட்டி செத்தது. கிதார் கம்பியில் விரல் ஓடிக்கொண்டேயிருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

பொலும்புவுக்குச் சிரிப்பு வந்தது, கசந்த சிரிப்பு. தட்டில் நின்ற அதே இடத்தில் கரண்டும் நிற்கிறது. கடவுளுக்கே அந்த வால் ஆகவில்லை.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. பாருக்கு வந்து பழகிய கூட்டம் அது. அவர்களுக்குக் கிதார் ஒரு பாட்டுக்கு நடுவில் போய்விடுவது புதிதில்லை. போனால் வாயால் நிரப்பிக்கொள்வார்கள். இரண்டு வருடமாக அந்த இடத்தில் கிதாரோடு சேர்ந்து பாடிப் பாடி, அர்த்தம் தெரியாத சத்தத்தை அதன்மேல் போட்டு வைத்திருந்தார்கள். காலைத் தரையில் தட்டிக்கொண்டு அறுபது வாயும் ஒன்றாகப் பாடின.

“கிலிங்கி லே லே, கிலிங்கி லா…”

பொலும்பு திரும்பினாள்.

‘படகு கவிழ்ந்த அன்று…’

“கிலிங்கி லேலா லேலே லா…”

‘மரம் பேசும் லொக்காங்குவின் மகள்…’

முன்னால் நின்று, இரண்டு கையையும் தூக்கி, எல்லோரையும்விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தவள் எகிலா. கழுத்து நரம்பு தெறிக்க, ஒரு ஏற்றம் பிசகாமல், ஒரு இறக்கம் தவறாமல், செத்துப்போன லொக்காங்கு எழுந்து வந்து அடித்தால் எப்படி இருக்குமோ அப்படியே பாடினாள்.

“லேலே கிலிங்கி லா!”

‘மணல்திட்டு ஊர்க்காரி.’

இது நேற்று ஒட்டிய வால் இல்லை. அறுபது பேருக்கும் மனப்பாடம். பொலும்பு வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது, தன் முட்டாள்தனத்தை நினைத்துச் சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒரே வாயில் முட்டிக்கொண்டு நின்றன. மாமரத்தடியில் பொத்தூலி செத்த கிதாரோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவனின் முகம்.

ஆற்றுக்கரையில் மரம் அடிப்பது ஆண்களின் வேலை. பெண் தொட்டால் லொக்காங்கு பிரம்பை எடுப்பார். பொலும்பு உரலைக் கவிழ்த்தாள். இரண்டு அகப்பையை எடுத்தாள். விளிம்பில் அடித்தால் மெல்லிய குரல், அடியில் அடித்தால் தடித்த குரல். தப்பும் தவறுமாக அடித்தாள். ‘பொத்தூலி. இரண்டு பல்லோடு பிறந்தவன். வலை பின்னும் லித்தேம்பாவின் மகன். கேட்டேன். கேட்டேன். கேட்டேன்.’

பொத்தூலி கிதாரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மலோங்கா அவன் தோளைத் தட்டி, “கரண்டு வந்துடும்பா, இதுக்குப் போய்…” என்றான்.

எகிலா உரல் பக்கம் வந்தாள். மூச்சு வாங்கியது. “அக்கா, என்னமா அடிக்கிறீங்க! என்ன சொன்னீங்க அதுல?”

பொலும்பு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் சபித்த முகம். வியர்த்து, சந்தோஷத்தில் பளபளத்துக்கொண்டு நின்றது.

“நீ நல்லாப் பாடினேன்னு சொன்னேன்,” என்றாள்.

வியாழக்கிழமை படகு போயிற்று. மூட்டைகள் பிரியாமல் இன்னும் நாலு நாள் கிடந்தன. பொத்தூலி இறுக்கிய முடிச்சு அவிழவே மாட்டேனென்றது, கடைசியில் கத்தியால் அறுக்க வேண்டியதாயிற்று.

*

அதன் பிறகு அவர்கள் நாற்பது வருடம் சேர்ந்து இருந்தார்கள். சண்டை இல்லாமல் இல்லை, ஆனால் இதற்காக இல்லை. மலோங்கா குழுவைக் கலைத்தான், மறுபடி சேர்த்தான், மறுபடி கலைத்தான். பொத்தூலிக்குச் சொந்தமாக ஒரு கிதார் வந்தபோது ஐம்பது வயது. அதற்குள் அவனுடைய மூன்று சுரங்கள் கடலைத் தாண்டி எங்கெங்கோ போயிருந்தன. அவற்றைப் பழகியவர்கள் எல்லாம் தட்டிலிருந்து பழகினார்கள், தட்டு நின்ற இடத்தில் நின்றார்கள். ‘எகிலாவின் அழைப்பு’ என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரு பத்திரிகைக்காரன் வீட்டுக்கே வந்து, எகிலா யார் என்று கேட்டான். பொத்தூலி பொலும்புவைப் பார்த்தான். “நல்லாப் பாடற பொண்ணு,” என்று அவள்தான் பதில் சொன்னாள்.

“ஊருக்கு நிஜத்தைச் சொல்லேன்,” என்றான் பொத்தூலி ஒருநாள்.

“எனக்குத் தெரிஞ்சா போதாதா? வயசான காலத்துல அந்தப் பொண்ணு கையில இருக்கறதை எதுக்குப் பிடுங்கணும்?”

அவன் ஒரு மழைக்காலத்தில் போனான். மூச்சிரைப்பு. மூன்று நாள் துக்கத்துக்கும் தெருவில் தென்னங்கீற்று நட்டிருந்தது. வளவு கொள்ளாமல் கிதார்காரர்கள் வந்தார்கள், நரைத்தவர்களும் மீசை அரும்பாதவர்களும். பகலெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்து அவனுக்கு மரியாதை செய்தார்கள். ஒவ்வொருவரும் அந்த மூன்று சுரத்துக்கு வந்ததும் தலை குனிந்து நிறுத்தினார்கள். தலை மழித்து, வெறும் பாயில் உட்கார்ந்திருந்த பொலும்பு ஒவ்வொரு முறையும் வாலுக்குக் காத்திருந்தாள். இத்தனை பேர் அவனைப் படித்திருக்கிறார்கள். ஒருவனுக்குக்கூட மிச்சம் தெரியவில்லை.

பதினோராவது ஆள் வாசித்து நிறுத்தியபோது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழக்குரல் எழுந்தது. நடுங்கியது, ஆனால் ஏற்ற இறக்கம் பிசகவில்லை.

“கிலிங்கி லே லே, கிலிங்கி லா…”

கைத்தடியும் சாயம்போன நீலத்துணியுமாக எகிலா நின்றுகொண்டிருந்தாள். கடைசி வரைக்கும் தனியாகவே பாடி முடித்தாள். பிறகு மெதுவாக நடந்து பாயின் ஓரத்துக்கு வந்தாள்.

பொலும்புவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “எகிலா, நீ பாடறியே, அது என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அக்கா. உங்க பேரு.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நீங்க உரலைக் கவுத்து அடிச்சீங்களே, அன்னைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன். உங்க முகத்தையும் பார்த்தேன். அப்புறம் ஆத்து மொழி தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட பாடிக் காட்டிக் கேட்டேன்.”

“அப்போலேர்ந்தா? தெரிஞ்சுமா இத்தனை வருஷம் பாடினே?”

எகிலா கைத்தடியை மாற்றிப் பிடித்தாள்.

“வேற யாரும் என்னை அவ்வளவு அழகாக் கூப்பிடல அக்கா. என்னை இல்லைன்னு தெரிஞ்ச அப்புறமும் அந்தச் சத்தம் வந்தா திரும்பிப் பார்க்கத்தான் தோணிச்சு.”

துக்கப் பாயில் தாரமும் அவளுடைய ரத்த உறவுப் பெண்களும் மட்டும்தான் உட்காரலாம். லுசோலோ உட்பட எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொலும்பு தன் துணியை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

“வா, உட்காரு,” என்றாள். பிறகு கிதார்காரர்களைப் பார்த்தாள். “தம்பி, அதை இன்னொரு தரம் வாசி. நாங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே.”